அரைக் கிலோவைத் தாங்குவது யார்?

தந்தி, தாடையை வைக்கும் சின் ரெஸ்ட் எல்லாம் சேர்த்து ஒரு முழு அளவு வயலினின் எடை சுமார் 450 கிராம். வில்லின் எடை 60 கிராம். இவ்வளவு இலேசான வாத்தியம் வாசிப்பவரின் கழுத்தையும் தோளையும் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1980களில் அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக் கலைஞர்களிடையே நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் 2,200-க்கும் அதிகமானோர் பதில் அளித்தார்கள். வாசிப்பையே பாதிக்கும் அளவுக்கு ஏதோ ஓர் உடல்நலச் சிக்கல் தங்களுக்கு இருப்பதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம். வயலின்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தச் சிக்கல்களின் பட்டியல் தானாகவே வரும்: கழுத்துப் பிடிப்பு, இறுகிப்போன இடது தோள், தாடைக்கு அடியில் கறுத்துத் தடித்த தோல், முதுகு வலி. தரையில் உட்கார்ந்து வாசிப்பவர் என்றால் மரத்துப்போகும் காலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கற்பவர் வலிக்கிறது என்றால், "போகப்போகப் பழகிவிடும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. விரல் நுனி எரிச்சலுக்கு அது சரி. சில வாரங்களில் தோல் தடித்து எரிச்சல் நின்றுவிடும். கழுத்துக்கும் தோளுக்கும் அந்தப் பதில் செல்லாது. அங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இந்த அரைக் கிலோவை இப்போது உடம்பில் எது தாங்கிக்கொண்டிருக்கிறது? எலும்பு தாங்கினால் மணிக்கணக்கில் வாசிக்கலாம். தசை தாங்கினால் கால் மணி நேரத்துக்குள் அது முறையிடத் தொடங்கிவிடும்.

அசையாத தசையின் களைப்பு

அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து, கையை முன்னால் நீட்டி அப்படியே வைத்திருங்கள். முதல் அரை நிமிடம் விளையாட்டாக இருக்கும். சில நிமிடங்களில் தோள் எரிய ஆரம்பிக்கும். அதே பாக்கெட்டை வைத்துக்கொண்டு கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் அதைவிட வெகுநேரம் தாக்குப்பிடிக்கலாம்.

காரணம் இரத்த ஓட்டம். சுருங்கிய தசைக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் தசை இழைகளுக்கு நடுவே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. ஆக்சிஜன் வரத்து குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன. தசை சுருங்கியும் தளர்ந்தும் இயங்கும்போது ஒவ்வொரு தளர்விலும் புது இரத்தம் உள்ளே பாய்ந்துவிடுகிறது. அசையாமல் இறுகியே இருக்கும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் முழு வலுவில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது என்றாலும், நேரம் நீள நீள வலி எடுக்கிறது.

வயலின் வாசிப்பில் வில் பிடித்த கை ஓயாமல் ஆடுகிறது. இடது கை விரல்களும் அப்படித்தான். பால் பாக்கெட்டைப் பிடித்த கையின் நிலையில் இருப்பவை இடது தோளும் கழுத்தும். மண்டையோட்டின் பின்புறத்திலிருந்து தோள்முனை வரை விரிந்திருக்கும் டிரபீசியஸ் தசையின் மேல்பகுதிதான் தோளைத் தூக்குவது. வயலின் நழுவிவிடுமோ என்று பயந்த மாணவர் தன்னை அறியாமல் இடது தோளை ஓர் அங்குலம் உயர்த்துகிறார். சரளி வரிசை முடியும்வரை அந்தத் தசை ஒருமுறைகூடத் தளர்வதில்லை.

கொஞ்சம் நெம்புகோல் கணக்கு

நின்றுகொண்டு வாசிக்கும் மேற்கத்திய முறையை எடுத்துக்கொள்வோம். வயலினின் அடிப்பகுதி இடது காறை எலும்பின் மீது உட்காருகிறது. அங்கிருந்து வயலினின் எடைமையம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும், இடது கை வயலினின் கழுத்தைத் தொடும் இடம் 40 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். ஒரு முனை எலும்பில், மறுமுனை கையில். எடை இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரியும். காறை எலும்புக்கு 225 கிராம், கைக்கு 225 கிராம். இரண்டுமே அற்பம்.

இப்போது இடது கையை எடுத்துவிட்டு, தாடையால் மட்டும் வயலினை நிறுத்தச் சொல்கிறார் ஆசிரியர். தாடை அழுத்தும் இடத்துக்கும் வயலின் தாங்கி நிற்கும் புள்ளிக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எடைமையம் அதைப் போல நான்கு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆக, தாடை 450 கிராமின் நான்கு மடங்கு, அதாவது 1.8 கிலோ விசையால் கீழே அழுத்த வேண்டும். எடையும் அழுத்தமும் சேர்ந்து தாங்குபுள்ளியின் மீது இறங்குவது 2.25 கிலோ. சற்று முன் அங்கே இருந்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

இது உத்தேசக் கணக்குத்தான். ஆனால் அதிலிருந்து தெரிவது முக்கியமானது. கை கொஞ்சம் தாங்கினாலே தாடைக்கு வேலை இல்லாமல் போகிறது. கை விலகித்தான் ஆக வேண்டிய கணத்தில் தாடை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அப்போதும் கழுத்துத் தசையை இறுக்கித்தான் 1.8 கிலோவைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. மனிதத் தலையின் எடை ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். தலையை இலேசாக ஆட்டி "சரி" என்பதுபோல் தாழ்த்தினால், அதன் சொந்த எடையில் ஒரு பகுதியே போதும்.

தாடைக்கும் வயலினுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் இந்தக் கதை நடக்காது. அந்த இடைவெளியை மூட, ஒன்று தலை சரிந்து கீழே போக வேண்டும், இல்லை தோள் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். இரண்டும் தசை செய்யும் வேலை. நாம் தேடும் சௌகரியம் அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில் இருக்கிறது.

வாத்தியம் ஏன் வளைந்து கொடுக்காது?

உடம்புக்கு ஏற்றபடி வயலினையே செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒலியியல் குறுக்கே நிற்கிறது. முழு அளவு வயலினின் உடல் நீளம் 356 மில்லிமீட்டர். ஸ்ட்ராடிவாரி காலத்திலிருந்து இது பெரிதாக மாறவில்லை. உள்ளே அடைபட்ட காற்று 270 முதல் 280 ஹெர்ட்ஸ் அளவில் தானாக ஒத்ததிர்கிறது. மரப்பலகைகளின் முக்கிய அதிர்வுகள் அதற்கு மேலே தொடங்குகின்றன. நான்கு தந்திகளின் சுருதிக்கும் இந்த அதிர்வுகளுக்கும் உள்ள பொருத்தம்தான் வயலினின் நாதம். உடலைச் சுருக்கினாலும் நீட்டினாலும் அந்தப் பொருத்தம் குலையும்.

உடம்புக்காக ஒலியை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வயோலா சாட்சி. அது வயலினைவிட ஒரு பஞ்சமம் தாழ்ந்த வாத்தியம். அதே பொருத்தம் வேண்டுமென்றால் உடல் ஒன்றரை மடங்கு, அதாவது 53 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தோளில் வைத்து வாசிக்கிற எந்தக் கைக்கும் அது எட்டாது. அதனால் வயோலாக்கள் 38 முதல் 43 சென்டிமீட்டர் வரை பல அளவுகளில் வருகின்றன. அதன் கம்மிய, கனத்த குரலுக்கு இந்தச் சமரசமும் ஒரு காரணம்.

குழந்தைகளுக்கு மட்டும் வயலின் வளைந்து கொடுக்கிறது. 1/16-இலிருந்து 3/4 வரை அளவுகள் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1/2 வயலினின் உடல் சுமார் 31 சென்டிமீட்டர், முழு அளவில் ஏறக்குறைய 87 சதவீதம். அளவு பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. குழந்தையை வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை இலேசாக மடிந்த நிலையில் விரல்கள் வயலினின் நுனியிலுள்ள சுருளைச் சுற்றி வளைந்து பிடிக்க முடிந்தால் அளவு சரி. கை விறைத்து நீண்டு விரல் நுனிதான் தொடுகிறது என்றால் ஓர் அளவு சிறியது வேண்டும். "எப்படியும் வளரப்போகிறான், பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்ற கணக்கு சட்டைக்குச் சரி. வயலினில் அது மணிக்கட்டையும் தோளையும் கெடுக்கும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

சின் ரெஸ்ட் வயலினோடு கூடப்பிறந்ததல்ல. 1751-இல் லண்டனில் வயலின் பாடநூல் வெளியிட்ட ஜெமினியானி வயலினைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொன்னார். 1756-இல் லியோபோல்ட் மோட்சார்ட் இரண்டு பிடிகளை விவரித்தார். ஒன்று மார்பு உயரத்தில், மற்றது கழுத்தோடு. இரண்டாவதில் தாடை இன்றைக்கு இருப்பதற்கு எதிர்ப்பக்கம், உச்ச ஸ்தாயித் தந்தியின் பக்கம் இருந்தது. பிறகு இசை விரல்பலகையின் மேல்பகுதிக்கு அடிக்கடி ஏறி இறங்கத் தொடங்கியது. கை மேலே ஏறும்போது வயலினை உடம்பை நோக்கித் தள்ளுகிறது. அதைக் கழுத்து தடுத்துவிடும். கை இறங்கும்போது வயலினை வெளியே இழுக்கிறது. அதைத் தடுக்க ஆள் இல்லை. ஜெர்மன் வயலின் மேதை லூயி ஷ்போர் 1820-ஐ ஒட்டி சின் ரெஸ்ட்டைக் கொண்டுவந்தபோது தீர்ந்தது அந்தச் சிக்கல்தான். அது வயலினின் நடுவில், தந்திகளைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு மேலே இருந்தது. கீழே தோளுக்கும் வயலினுக்கும் நடுவே வைக்கும் ஷோல்டர் ரெஸ்ட் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில். வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அது இல்லாமலேயே வாசித்தார், இன்னொரு மேதையான மில்ஸ்டைனும் அப்படியே. அவர்களைக் காட்டி அது தேவையே இல்லை என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்கள் கழுத்து நீளம் நமக்கும் இருந்தால் அந்த வாதம் எடுபடும்.

நீண்ட கழுத்துக்காரர் பொதுவாகச் செய்வது ஷோல்டர் ரெஸ்ட்டின் கால்களை உயர்த்துவது. இடைவெளி மூடிவிடும். ஆனால் அதோடு வயலினே மேலே போய்விடுகிறது. தந்திகள் உயர்ந்தால் வில் பிடித்த வலது கையும் உயர வேண்டும். முழங்கையை ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் வாசிப்பது வலது தோளுக்குப் பெரிய தண்டனை. இடது பக்கத்து வலியை வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டதுதான் மிச்சம். சின் ரெஸ்ட்டை உயர்த்தினால் வயலின் இருந்த இடத்திலேயே இருக்கும், தாடைக்கும் அதற்கும் இடையிலான தூரம் மட்டும் குறையும். ஆகவே முதலில் வயலின் காறை எலும்பில் எங்கே உட்கார்ந்தால் வலது கைக்குச் சுகம் என்று பார்த்து, அந்த நிலையைக் கீழே பஞ்சாலோ ஷோல்டர் ரெஸ்ட்டாலோ உறுதிப்படுத்திக்கொண்டு, மீதி இடைவெளியைச் சின் ரெஸ்ட்டால் நிரப்புவது நல்ல வரிசை.

அளப்பது எளிது. கண்ணாடி முன்னால் நேராக நின்று, தோள்களைத் தொங்கவிட்டு, பார்வையை எதிரே வையுங்கள். வயலினை இன்னொருவர் காறை எலும்பில் வைத்துப் பிடிக்கட்டும். தலையை அசைக்காமல், தாடை எலும்புக்கும் சின் ரெஸ்ட்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். ஒரு விரல் போதும், அதைத் தலையின் சிறு தாழ்வு மூடிவிடும். இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் சின் ரெஸ்ட் உயர வேண்டும். உள்ளே விரலே நுழையாமல் தலை பின்னால் தள்ளப்பட்டால் அது ஏற்கெனவே உயரம்.

உயரத்தைப் போலவே வடிவமும் முக்கியம். டெயில்பீஸுக்கு இடதுபக்கம் உட்காரும் கிண்ணம், நடுவில் உட்காரும் ஃபிளெஷ் மாதிரி, பக்கத்திலிருந்து நடுவரை நீளும் குவார்னேரி மாதிரி என்று பல உண்டு. தாடை இயல்பாக எங்கே வந்து இறங்குகிறதோ அங்கே கிண்ணம் இருக்க வேண்டும். கிண்ணத்தைத் தேடித் தலை திரும்பக் கூடாது.

மாற்றுவது கைவேலைதான். சின் ரெஸ்ட்டைப் பிடித்திருக்கும் இரண்டு உலோகக் குழல்களின் நடுவில் சிறு துளை இருக்கும். அதற்குள் ஊசி போன்ற சாவியை நுழைத்துத் திருப்பினால் பிடி தளரும். சாவியை அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால் வயலினின் விலாப்பலகையில் கோடு விழும். பழைய வயலின்கள் பலவற்றில் அந்த இடத்தில் கீறல்களைக் காணலாம். உலோகமும் மரமும் தொடும் இடங்களில் தக்கை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முறுக்க வேண்டும்.

தாடைக்கு அடியில் வரும் தழும்பு கலைஞரின் பதக்கம்போல் பேசப்படுவதுண்டு. உண்மையில் அது தோல் அழற்சி. அழுத்தம், உரசல், வியர்வை மூன்றும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. சிலருக்கு உலோகப் பிடியில் உள்ள நிக்கலும், ரோஸ்வுட் போன்ற மரங்களும் ஒவ்வாமை தருகின்றன. பருத்தித் துணி ஒன்றை மடித்துப் போடுவதும், டைட்டானியம் பிடிக்கு மாறுவதும், வேறு மரத்தாலான கிண்ணத்துக்கு மாறுவதும் பெரும்பாலும் பலன் தரும்.

கர்நாடக இசை கண்ட வழி

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்கள். வாத்தியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. உட்காரும் முறை இங்கே உருவானது. வித்வான் சம்மணமிட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னால் நீட்டுகிறார். சுருள் அந்தக் கணுக்காலில் அமர்கிறது. மறுமுனை இடது மார்புக்கும் காறை எலும்புக்கும் நடுவே சாய்கிறது.

பொறியியல் கண்ணால் பார்த்தால் இது அழகான தீர்வு. வயலின் இரண்டு முனைகளிலும் தாங்கப்படுகிறது. தாடைக்கும் வேலை இல்லை, இடது கைக்கும் தாங்கும் வேலை இல்லை. அதைவிட முக்கியம், கை மேலே ஏறும்போது தள்ளும் விசையை மார்பு ஏற்கிறது, கீழே இறங்கும்போது இழுக்கும் விசையைப் பாதம் ஏற்கிறது. ஷ்போர் சின் ரெஸ்ட்டால் தீர்த்த அதே சிக்கல் இங்கே கணுக்காலால் தீர்ந்திருக்கிறது.

ஜாரு, கமகம் இரண்டும் கேட்பது இந்தச் சுதந்திரத்தைத்தான். தோடியின் காந்தாரத்தையோ, ஒரே தந்தியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஒரே விரலில் வழுக்கிச் செல்லும் ஜாருவையோ வாசிக்கும் கையைக் கிட்டே நின்று பாருங்கள். கட்டைவிரல் வயலினின் கழுத்தைப் பற்றுவதில்லை, பக்கத்தில் தொட்டுக்கொண்டு கூடவே ஓடுகிறது. விரல் வழுக்க வசதியாகச் சிலர் துளி எண்ணெய் தடவிக்கொள்வதும் உண்டு. வயலினை விழாமல் பிடிக்க வேண்டிய பொறுப்பு அந்தக் கைக்கு இருந்திருந்தால் இது நடக்காது. வயலின் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வில் பிடித்த கையும் தோள் உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை.

இதற்கு விலை கொடுப்பவை இடுப்பும் முதுகும் கால்களும். வெறும் தரையில் சம்மணமிடும்போது இடுப்பெலும்பு பின்பக்கம் சரிகிறது. கீழ்முதுகின் இயல்பான உட்குழிவு மறைந்து முதுகு வளைகிறது. அதை ஈடுகட்டக் கழுத்து முன்னால் நீளுகிறது. பக்கவாத்தியக்காரருக்குப் பாடகர் பக்கம் திரும்பிய பார்வையும் சேர்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு வெகுநேரம் அழுந்தினால் பாதம் மரத்துப்போகும்.

மருந்து கையருகிலேயே இருக்கிறது. மடித்த ஜமுக்காளத்தையோ கெட்டியான மெத்தையையோ இருக்கைக்கு மட்டும் அடியில் போட்டு, முழங்கால்களைவிட இடுப்பு சற்று உயரும்படி உட்கார்ந்தால், இடுப்பெலும்பு முன்பக்கம் சாய்ந்து முதுகு தானாக நிமிரும். மெத்தை தொடைகளுக்கும் அடியில் பரவினால் பலன் இல்லை, எல்லாமே சேர்ந்து உயர்ந்துவிடும். பாதத்தை எவ்வளவு தூரம் நீட்டுவது என்பதையும் கால் நீளம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதிகம் நீட்டினால் வயலினைத் தொடர்ந்து உடம்பு குனியும். குறைவாக நீட்டினால் சுருள் மேலேறி இடது மணிக்கட்டு மடங்கும். கணுக்கால் எலும்பில் சுருள் உறுத்தினால் ஒரு துணி போதும். பட்டு வேட்டியிலோ பட்டுப் புடவையிலோ வயலினின் மேல்முனை வழுக்கினால், அங்கேயும் ஒரு சிறு பருத்தித் துணி தோள் செய்யும் வேலையை மிச்சப்படுத்தும். முழங்கால் ஒத்துழைக்காத வயதில் நாற்காலிக்கு மாறுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அப்போது பாதம் என்ற தாங்கி போய்விடும், கணக்கு மறுபடி சின் ரெஸ்ட் பக்கம் திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி.

யெஹுதி மெனுஹினின் யோகா வாத்தியார்

பொருத்தம் சரியாக இருந்தும் உடம்பு இறுகலாம். பாலமேதையாக உலகப் புகழ் பெற்ற யெஹுதி மெனுஹினுக்கு நடுவயதில் அதுதான் நேர்ந்தது. களைப்பு, இறுக்கம், தூக்கமின்மை. 1952-இல் இந்தியா வந்தபோது மும்பையில் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்தார். ஐயங்கார் வயலின் ஆசிரியர் அல்லர். உடம்பில் தேவையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் அவருக்குப் பரிசளித்த கைக்கடிகாரத்தில், தன் மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு என்று மெனுஹின் பொறித்துக் கொடுத்தார். ஐயங்காரின் 1966-ஆம் ஆண்டு யோகா நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே.

எந்த நல்ல நிலையும் நெடுநேரம் அசையாமல் இருந்தால் கெட்ட நிலையாகிவிடும் என்பது இதிலிருந்து கற்க வேண்டியது. நீண்ட ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டே தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். திருப்ப முடிந்தால் கழுத்து வயலினைப் பிடிக்கும் வேலையைச் செய்யவில்லை. மூச்சை வெளியே விட்டபடி இடது தோளைக் கீழே இறக்குங்கள். அது இறங்கினால் இதுவரை தூக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். பற்கள் கடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை வயலினைக் கீழே வைத்து எழுந்து நில்லுங்கள். விரல்களில் கூச்ச உணர்வு, பிடியில் வலுக் குறைவு, இரவில் எழுப்பும் வலி இவற்றில் எது வந்தாலும் சின் ரெஸ்ட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும்.

இந்தப் பொருத்தம் ஒருமுறை பார்த்து முடித்துவிடுகிற காரியமும் அல்ல. பிள்ளைகள் வளர்கிறார்கள். பெரியவர்களுக்கு உடல் எடை மாறுகிறது, முழங்கால் தேய்கிறது. 356 மில்லிமீட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது, குழந்தைகளுக்கு இன்னும் அடிக்கடி, கண்ணாடி முன் நின்று விரலால் அளப்பதையும் உட்காரும் உயரத்தைப் பார்ப்பதையும் பாடத்தின் பகுதியாகவே ஆசிரியர்கள் ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு ஆகும் நேரம் கால் மணிகூட இருக்காது. விலை உயர்ந்த வில்லும் தந்தியும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவும் அதுதான்.